பட்டைகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர்

காலை ஏழரை மணிக்குக் கதவைத் தட்டிய பெண்ணின் நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சையும் மீறிக் கசிந்த ரத்தம் புருவத்தின் மேல் காய்ந்து போயிருந்தது. கதவைத் திறந்த டாக்ஸிக்காரரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். மின்சார ஆய்வாளராக இருந்த அம்மாவின் வீடு இதுதானா என்று கேட்டாள். கேட்ட குரலில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

டாக்ஸிக்காரருக்கு ஸ்டாண்டில் வைத்த பெயர் அவசரம். பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே வண்டியை நகர்த்துவார். எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர், வருடத்தில் பத்து மாதம் ஊரில் இருக்கமாட்டார். அண்ணி முப்பது வருடம் மின் ஆய்வாளராக இருந்து, தீப்பிடித்த அறைகளுக்குள் எல்லாரும் வெளியேறிய பிறகு நுழைவதையே வேலையாகச் செய்து, இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் இப்படி யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்தால் அவசரத்துக்கு அன்றைக்கு டாக்ஸி ஓடாது.

வந்தவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவளுடைய தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். போன திங்கட்கிழமை காலை, புதிதாக வாங்கிய பெரிய மெஷினை முதல்முறையாக ஓட்டிய நிமிஷத்தில் மெயின் பலகை வெடித்தது. சுவிட்சைப் போட்ட சூப்பர்வைசர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தம்பி தொண்டையில் குழாயோடு கிடக்கிறான், பேச முடியாது. பலகைக்குள் அவனுடைய ஸ்பேனர் கிடந்ததாம். மின்சாரம் ஓடும் செப்புப் பட்டைகளின் மேல் அதை மறந்து வைத்துவிட்டு மூடிவிட்டான், அதனால்தான் வெடித்தது என்று சனிக்கிழமை போலீஸ் அவன் மேல் வழக்குப் போட்டுவிட்டது. நேற்று மாலை இறந்தவரின் மைத்துனர்கள் வீட்டுக்கு வந்து கல்லெறிந்தார்கள்.

"அவன் ஒரு ஆணி கீழ விழுந்தாக்கூடக் குனிஞ்சு எடுத்துப் பையில போட்டுக்கிற ஆளு. ஸ்பேனரை மறந்துட்டு வருவானா?" என்றாள்.

"மறக்கலாம். எல்லாரும் மறக்கிறவங்கதான்," என்றார் அண்ணி. "மறக்கலன்னா, அதை நான் கண்ணால பாக்கணும்."

அக்காகாரியின் முகம் கடுத்தது. இவரும் அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்தான் என்று தெரிந்திருந்தால் படியேறியிருக்க மாட்டேன் என்றாள். அண்ணி அளவு நாடாவையும் டார்ச்சையும் டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். அவசரம் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

முதலில் ஆஸ்பத்திரி. எலக்ட்ரீஷியன் கட்டுகளுக்குள் கிடந்தான். நர்ஸுக்கு அவன்மேல் இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆளைக் கொன்றவன் என்று வார்டு முழுக்கப் பேச்சு. அண்ணி காயங்களைப் பற்றி மட்டும் கேட்டார். இரண்டு புறங்கைகள், முன்னங்கைகளின் வெளிப்பக்கம், நெற்றி, காது, தொண்டைக்குள் சூடான புகை என்று நர்ஸ் பட்டியல் படித்தாள். உள்ளங்கை எப்படி என்று அண்ணி கேட்டார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை, மார்பிலும் ஒன்றுமில்லை, சட்டைப் பையில் இருந்த காகிதம்கூடக் கருகவில்லை என்று பதில் வந்தது. அக்காகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. தம்பியின் கால் பெருவிரலைத் தொட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அடுத்தது போலீஸ் நிலையம். இன்ஸ்பெக்டர் அண்ணியை அறிந்தவர்தான், ஆனால் அந்த அறிமுகம் அவருக்குச் சந்தோஷமானது அல்ல. முன்பு ஒரு வழக்கில் அண்ணி சொன்ன சாட்சியால் அவர் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நின்றிருக்கிறார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே பிளாஸ்டிக் உறையில் இருந்த ஸ்பேனரை மேஜைமேல் போட்டார். கைப்பிடியில் எலக்ட்ரீஷியனின் அடையாளமான மஞ்சள் டேப், பளிச்சென்று சுற்றியிருந்தது. இரும்பின் ஒரு பக்கத்தில் நெருப்புத் தின்ற இரண்டு நீளக் குழிகள், இரண்டும் இரும்புக்கு நேர்க்குறுக்காக. அண்ணி நாடாவை வைத்து அளந்தார். குழிக்கும் குழிக்கும் நடுவே சரியாக ஐந்து சென்டிமீட்டர்.

இதை யார் கொடுத்தது என்று கேட்டார். பலகையைச் செய்து தரும் பேனல்காரர், வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார் என்றார் இன்ஸ்பெக்டர். செவ்வாய்க்கிழமை கருகிப்போன பலகையைப் பிரித்தபோது அடித்தட்டில் கிடந்ததாம். தொழிற்சாலையைப் பார்க்க ஒரு மணி நேரம் தருகிறேன், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்று கடிகாரத்தைக் காட்டினார்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். டாக்ஸியின் பின்சீட்டில் இருந்த முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். சூப்பர்வைசரின் மனைவி.

"உன் தம்பி இன்னும் மூச்சு விடறான்ல? விடட்டும். விட்டு விட்டு வேதனைப்படட்டும்," என்றாள்.

அக்காகாரி கதவைத் திறக்கப் போனாள். அவசரம் பூட்டை அழுத்திவிட்டார். இரண்டு பெண்களும் கண்ணாடிக்கு இருபுறமும் ஒருவரையொருவர் முறைத்தபடி இருக்க, வண்டி மெல்ல உள்ளே போனது.

மேனேஜர் இவர்களை உட்காரச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போகவில்லையென்றால் வேறு எங்காவது போகலாமே என்றார். பலகையைப் பார்க்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று அண்ணி சொன்னதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. நூற்றிருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கத்தினார். அண்ணி இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்திக் கைபேசியை அவரிடம் நீட்டினார். பேசி முடித்த மேனேஜர் கைபேசியை மேஜைமேல் விட்டெறிந்தார். அப்போதே அவசரத்துக்கு முடிவாகிவிட்டது: குற்றவாளி இந்த ஆள்தான்.

அந்தக் கட்டடம் முழுவதிலும் முகம் கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் பேனல்காரர். ஏதோ சில்லறை வேலைக்காக வந்திருந்தார். அண்ணிக்கு நாற்காலி போட்டார், அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், எலக்ட்ரீஷியனைப் பற்றி வருத்தப்பட்டார். நல்ல பையன், ஒரு நிமிஷக் கவனக்குறைவு, யாருக்கும் வரலாம் என்றார்.

அண்ணி மின்சாரத்தை நிறுத்தச் செய்து, சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகே மூடியைக் கழற்றச் சொன்னார். டெஸ்டரால் ஒவ்வொரு பட்டையையும் தொட்டு, கரண்ட் இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஆள் உயரப் பலகை. உள்ளே புது பெயின்ட் வாசனை. பளபளவென்று செப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நின்றன. முன்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்தான்.

இதில் எப்படி வெடிக்கும் என்று அவசரம் கேட்டார்.

"வீட்டு ஒயருக்கு மேல உறை இருக்கு. இந்தப் பட்டைக்கு உறை கிடையாது, காத்துதான் உறை," என்றார் அண்ணி. "நடுவுல இருக்கிற காலி இடத்தைச் சும்மா கிடக்குற இடம்னு நெனைக்காதீங்க தம்பி. அதுதான் சுவர். அதைக் குறைச்சா சுவரை இடிச்ச மாதிரி. அதோட, பெரிய மெஷின் கிளம்பும்போது கரண்ட் பாயுற வேகத்துல பட்டைங்க ஒண்ணையொண்ணு இழுக்கும், தள்ளும். அந்த ஆட்டத்துக்கும் சேத்துத்தான் இடம் விடணும்."

அளந்தார். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்திலும் ஐந்து. அவசரத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஸ்பேனரின் குழிகள் அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகின்றன; எலக்ட்ரீஷியன் தப்ப வழியே இல்லை.

"நான் ஒண்ணும் மாத்தலம்மா," என்றார் பேனல்காரர். "வெடிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் திரும்பக் கட்டியிருக்கேன். ஒரு மில்லிமீட்டர் கூட மாறல. புது மெஷினுக்குக்கூட நான் கேபிள் மட்டும்தான் இழுத்தேன், பட்டையைத் தொடவே இல்ல."

அண்ணி தலையாட்டினார். பிறகு டார்ச்சையும் அளவு நாடாவையும் அவசரத்திடம் கொடுத்து, ஸ்டூலில் ஏறிப் பலகையின் மேல்மூலையில், கேபிள்கள் நுழையும் இருட்டுப் பகுதியில், பின்தகட்டின் மேல் நாடாவை வைத்துக் கைபேசியில் படமெடுக்கச் சொன்னார். பெயின்ட் கண்ணுக்கு எட்டும் உயரம் வரைதான் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே தகடு கரியாக இருந்தது. அந்தக் கரிக்குள் மேலிருந்து கீழாக வெளிறிய தடங்கள் சில தெரிந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கட்டைவிரல் அகலம். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சீப்புப் பற்கள்போல் குட்டிக் குட்டி நீட்டல்கள். அவசரத்துக்கு அது என்னவென்று புரியவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அண்ணி படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டரை ஸ்பேனரோடு வரச்சொல்லுங்கள் என்றார். பிறகு, வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணையும் உள்ளே கூப்பிடுங்கள் என்றார். மேனேஜர் மறுத்தார். அவள் வராமல் நான் வாயைத் திறக்கப் போவதில்லை, சுவிட்சின் சாவியும் என்னிடம்தான் இருக்கும் என்று அண்ணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அரைமணி நேரத்தில் அந்த அறையில் ஆறேழு பேர் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் நின்றார்கள். சூப்பர்வைசரின் மனைவி கதவை ஒட்டி நின்றாள். எலக்ட்ரீஷியனின் அக்கா எதிர்மூலையில். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. பலகை வெடிக்கும்போது புகை பின்தகட்டில் போய் அப்பிக்கொள்ளும், ஆனால் எது முன்னால் நிற்கிறதோ அதன் பின்னால் மட்டும் படியாது, வெயிலில் நிற்பவனின் நிழல்போல அங்கே வெளிறிய இடம் தங்கிவிடும் என்று தொடங்கினார். கீழ்ப்பாதியில் அந்த நிழலைப் பெயின்ட் மறைத்துவிட்டது. மேல்பாதியில் யாரும் அடிக்கவில்லை.

"இன்னைக்குப் பட்டைங்க நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் இருக்கு. நிழல்ல பாத்தா, அந்தத் திங்கட்கிழமை மூணுதான் இருந்திருக்கு," என்றார். "ஸ்பேனர் பட்டைங்க மேல கிடந்து வெடிச்சிருந்தா, சுட்ட தழும்பும் மூணு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கணும். இதுல அஞ்சு இருக்கு."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

பேனல்காரர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, ஸ்பேனர் நேராத்தான் கிடக்கணும்னு சட்டமா என்ன? ரெட்டைப் பட்டை மேல சாய்ஞ்சு கிடந்தா தூரம் கூடத்தானே செய்யும். மூணு அஞ்சாயிடும்."

"சாய்ஞ்சு கிடந்தா தழும்பும் சாய்வா விழுந்திருக்கும். இது ரெண்டும் நேர்க்குறுக்கா இருக்கு," என்றார் அண்ணி. அதோடு நிறுத்திக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார்.

மேனேஜர் பேனல்காரர் பக்கம் திரும்பியிருந்தார். "எந்த ரெட்டைப் பட்டை?" என்று கேட்டார்.

பேனல்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பட்டையைத் தொடவே இல்லன்னு எங்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கியே. எந்த ரெட்டைப் பட்டை?"

"நான் இடைவெளி குறைஞ்சிருந்துச்சுன்னுதான் சொன்னேன்," என்றார் அண்ணி. "ஏன் குறைஞ்சுதுன்னு சொல்லல. அது இவருக்கு மட்டும்தான் தெரியும்."

பேனல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி மற்றவர்களுக்கு விளக்கினார். புது மெஷின் இழுக்கும் மின்சாரத்துக்குப் பழைய பட்டைகள் போதாது. பெரிய பலகை ஒன்றைப் புதிதாகச் செய்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஒரு விடுமுறை நாளில், ஒவ்வொரு பட்டையின் பக்கத்திலும் இன்னொன்றைச் சேர்த்து முடுக்கியிருக்கிறார். அங்கேயே இடைவெளி மூன்றாகச் சுருங்கியது. முடுக்கக் கையில் கிடைத்த நீளப் போல்ட்டுகளைப் போட்டார், நட்டுக்கு வெளியே மிஞ்சிய வாலை வெட்டவில்லை. அவசரம் பார்த்த சீப்புப் பற்கள் அந்த வால்களின் நிழல். ஒரு வாலின் நுனிக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே ஒரு தீக்குச்சிதான் நுழையும். சரியாக அந்த இடத்தில்தான் தகடு குழிவிழுந்து, உருகிய செம்பு தெறித்து ஒட்டியிருக்கிறது. மெஷின் கிளம்பியது, பட்டைகள் ஆடின, நுனி தொட்டது.

"அப்ப ஸ்பேனர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

உறையைக் கையில் வாங்கி அண்ணி கைப்பிடியைக் காட்டினார். செம்பை உருக்கிய நெருப்புக்குள் கிடந்த சாமான் என்கிறார்கள். இரும்பு குழிந்திருக்கிறது, அதில் சுற்றிய பிளாஸ்டிக் டேப் சுருங்கக்கூட இல்லை, புகைகூடப் பிடிக்கவில்லை. இந்த ஸ்பேனர் அந்தத் திங்கட்கிழமை பலகைக்குள் இருக்கவே இல்லை. எலக்ட்ரீஷியனின் பை இந்த அறையிலேயே அனாதையாகக் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, வரைபடத்தில் இருந்த அளவுக்கு வெல்டிங் மெஷினால் இரண்டு இடத்தில் சுட்டால் போதும்.

"வரைபடத்தை நம்பிச் சுட்டுட்டாரு," என்றார். "இவர் கட்டினது வரைபடத்துல இல்லைங்கறது அப்ப ஞாபகம் வரல."

சற்று முன்பு அந்த மனிதர் கையிலிருந்துதான் அவசரம் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார். அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் காட்டிய வெறுப்பெல்லாம் நிஜம். அன்பாகப் பேசிய ஒரே வாய்தான் பொய்.

பேனல்காரர் கடைசி முயற்சியாக மேனேஜரைக் கைகாட்டினார். சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று கழுத்தில் உட்கார்ந்தது யார், மெஷின் என்றைக்கு ஓடும் என்று மணிக்கொரு தரம் கேட்டது யார் என்றார். குரலில் இருந்த பழைய இனிமை போய்விட்டது. வால் வெட்ட அரைநாள் ஆகியிருக்கும், அந்த அரைநாளை நீங்கள்தான் கொடுக்கவில்லை என்று கத்தினார். கத்தியது வாக்குமூலம் என்பதை இன்ஸ்பெக்டர் அருகில் வந்து தோளில் கைவைத்தபோதுதான் உணர்ந்தார்.

அண்ணி அதோடு முடிக்கவில்லை. மேனேஜரிடம் திரும்பினார். எலக்ட்ரீஷியனுக்கு உள்ளங்கையிலும் மார்பிலும் காயமே இல்லை என்றார். பலகைக்குள் வேலை செய்தவனுக்கு முதலில் வேகும் இடங்கள் அவைதான். இவனுக்கோ புறங்கையும் முன்னங்கையின் வெளிப்பக்கமும் வெந்திருக்கின்றன. அவன் மார்பு எதன் மறைவிலோ இருந்திருக்கிறது. உள்ளங்கைகள் எதையோ பிடித்திருந்திருக்கின்றன.

"அன்னைக்குக் காலைல அவன் உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

மேனேஜர் சுவரைப் பார்த்தார். போன் பண்ணினான் என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தேன், போல்ட் வால் பக்கத்துப் பட்டையை இடிக்கிற மாதிரி இருக்கிறது, இன்றைக்கு ஓட்ட வேண்டாம் என்று சொன்னான். ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஆட்கள் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள். உன் வேலையைப் பார் என்று போனை வைத்துவிட்டு, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். அவன் பட்டைகளைப் பற்றிச் சொன்னதை நான் சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை என்றார்.

"அவன் ஓடி வந்திருக்கான்," என்றார் அண்ணி. இப்போது அவர் பார்த்தது கதவை ஒட்டி நின்றவளை. "பின்னாலேர்ந்து உங்க வீட்டுக்காரரை மார்போட சேத்துக் கட்டிப் பிடிச்சு இழுத்திருக்கான். அதுக்குள்ள அவர் கை சுவிட்சுக்குப் போயிடுச்சு, இவன் ஒரு நொடி பிந்திட்டான். கட்டிப் பிடிச்ச அந்தக் கையிலதான் அவனுக்கு வெந்திருக்கு."

சூப்பர்வைசரின் மனைவி கதவை விட்டு நகர்ந்தாள். அவள் மேனேஜரை நோக்கி நடந்தாள். இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். அவள் அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அடிக்கவில்லை. மிக அருகில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்கு மாலை வாங்கிட்டு வந்தீங்களே," என்றாள். "என் பக்கத்துல உக்காந்து, அந்தப் பையனைச் சும்மா விடமாட்டோம்னு சொன்னீங்களே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்ல?"

மேனேஜர் தலையைக் குனிந்தார். இன்ஸ்பெக்டர் அவரையும் நிலையத்துக்கு வரச்சொன்னார். சொன்ன விதத்தில் மறுப்பதற்கு இடமில்லை.

மற்றவர்கள் போன பிறகு இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்றார்கள். அவசரம் வெளியே போகப் பார்த்தார். அண்ணி கண்ணாலேயே நிறுத்தினார்.

அக்காகாரி நெற்றிப் பஞ்சைத் தொட்டுக்கொண்டாள். தன் தம்பி எப்படிப்பட்டவன் என்று இப்போதாவது தெரிந்ததா என்று கேட்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"என் அண்ணன்மார் எறிஞ்ச கல்லுதான் அது," என்றாள் மற்றவள். "நான்தான் போகச் சொன்னேன்."

"தெரியும்."

"உன் தம்பி மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது. அவன் பொழைச்சிட்டான், இவர் போயிட்டார். அதை எந்தப் பட்டை எப்படி இருந்தாலும் என்னால மாத்திக்க முடியல." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா அவன்மேல நான் கொடுத்த புகாரை இன்னைக்கே போய் வாபஸ் வாங்குறேன். என் கையாலதான் எழுதிக் கொடுத்தேன், என் கையாலயே எடுக்கறேன்."

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. விடுவிடென்று வெளியே நடந்தாள். வாசலில் போய்ப் பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

எலக்ட்ரீஷியனின் அக்கா டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாசலைத் தாண்டும்போது நிறுத்துங்கள் என்றாள். கண்ணாடியை இறக்கி, வெளியே பார்க்காமலே பேசினாள்.

"போலீஸ் ஸ்டேஷன் வழியாத்தான் போறோம்."

வெளியே நின்றவள் பேருந்து வரும் திசையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு முன்பக்கக் கதவைத் திறந்து, அவசரத்தின் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் நான்கு பேரில் ஒருவரும் பேசவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாக, விளக்கு பச்சையாகி, பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்த பிறகும், யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.